குருவி புதைத்த வாசல்

ஸ்டீபன் திருநாளன்று காலையில் கோப்னிட் மாவு பிசைந்தாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அது ரொம்ப அதிகம். உலர்திராட்சையை வேறு தாராளமாக அள்ளிப் போட்டாள். அடுப்போரம் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கொழுப்பு தடவிக்கொண்டிருந்த அவள் கணவன் முயிரிஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருக்கு இத்தனை?"

"ஊர்வலம் வந்தா வெறுங்கையோட நிக்க முடியுமா?"

"வந்தா."

"போன வருஷம் ஊரே ரெண்டா பிரிஞ்சு சுட்டுக்கிட்டுக் கிடந்தது, யாரும் கிளம்பல. அதுக்கு முந்தின வருஷம் துக்கம் பச்சையா இருந்துச்சு. இந்தத் தடவை வரலாம்ல?"

"வரட்டும், வரட்டும். வராட்டி கோழிங்களுக்கு இன்னைக்குத்தான் கிறிஸ்துமஸ்."

கிண்டல்தான், ஆனால் அதில் காரம் இல்லை. முன்பெல்லாம் அவன் வாயைத் திறந்தால் பாலினாஹாவின் கடற்கரை முழுக்கச் சிரிக்கும். இப்போது அந்த வாய்க்குக் கேட்க மிஞ்சியிருப்பது கோப்னிட்டின் காது ஒன்றுதான்.

பாலினாஹாவில் கிறிஸ்துமஸைவிட மறுநாள் வரும் ஸ்டீபன் திருநாள்தான் பெரிது. விடிந்ததும் இளவட்டங்கள் முட்புதர்களை அடித்துக் கலைத்து ஒரு ட்ரோலீனைப் பிடிப்பார்கள். கட்டைவிரல் அளவே இருக்கும் பழுப்புக் குருவி அது. வாலை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஓடும். மற்ற நாட்களில் அதன் கூட்டைத் தொட்டவன் கை சூம்பிப்போகும் என்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அதைக் கொன்று, ரிப்பன் கட்டிய முள்ளிலைக் கிளையில் தொங்கவிட்டு, வைக்கோல் உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, பறையும் குழலுமாக வீடு வீடாகப் போவார்கள். உபசரிக்கிற வீட்டுக்கு அதன் இறகு ஒன்று கிடைக்கும். இறகு இருக்கிற படகு மூழ்காது. பிடிக்காத வீடு என்றால் அந்தக் குருவியை வாசலில் புதைத்துவிடுவார்கள். பிறகு ஒரு வருஷத்துக்கு அந்த வாசலில் நல்லது எதுவும் நுழையாது.

முயிரிஷ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஊர்வலத்தின் குழல்காரன். முகமூடி போட்டிருந்ததால் முகத்தையே பார்க்காமல் ஏமாந்துவிட்டேன் என்று கோப்னிட் ஒரு காலத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் குருவி அப்படி என்ன பாவம் செய்தது? பாதிரியாரைக் கேட்டால் புனித ஸ்டீபன் புதருக்குள் ஒளிந்திருந்தபோது கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்தது என்பார். ஊர்க்காரர்கள் சொல்லும் கதை வேறு. முன்னொரு காலத்தில் நம் ஆட்கள் அந்நியப் படையைச் சூழ்ந்துகொண்டு விடியலுக்குச் சற்று முன்பு பூனைபோல நெருங்கினார்களாம். எதிரிகள் குறட்டை விட்டுத் தூங்குகிறார்கள். இன்னும் பத்தடி போனால் நாடு நம்முடையது. அப்போது ஒரு ட்ரோலீன் பறந்துவந்து எதிரியின் பறைமேல் உட்கார்ந்து, அதில் சிந்திக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைக் கொத்தியது. டக், டக், டக். பறைக்காரன் விழித்தான். நம் ஆட்களில் ஒருவன் மிச்சமில்லை.

எந்தக் காலத்தில், எந்தப் படை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கொத்திய சத்தத்தை மட்டும் எல்லோரும் தாங்களே காதால் கேட்டதுபோலச் சொல்வார்கள்.

இங்கிலீஷ் பட்டாளம் கிராமம் கிராமமாக எரித்துக்கொண்டிருந்த வசந்தத்தில், கோப்னிட்டின் பெரியம்மா மகன் கோர்மக்கும் விடுதலைப் படையில் அவன் கூட்டாளி ஒருவனும் மலைமேல் இருந்த ஆட்டுக்காரன் குடிசையில் பதுங்கியிருந்தார்கள். ஒரு நாள் விடியற்காலையில் பட்டாளம் வழி கேட்காமல், நாயை விடாமல், நேராக அந்தக் குடிசைக்கே வந்தது. இருவரையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டது.

யாரோ சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் முயிரிஷ் கழுதை வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான். அங்கே ஒரு போலீஸ்காரனின் பைப்பிலிருந்து தன் பைப்புக்கு நெருப்பு வாங்கியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அன்று சாயங்காலம் அவன் மலைப் பாதையில் வேகமாக ஏறிப்போனதையும் பார்த்தவர்கள் இருந்தார்கள். எதற்குப் போனாய் என்று கேட்டபோது, "தொலைஞ்சுபோன ஆட்டைத் தேடி" என்றான். அவனிடம் அப்போது ஆடே இல்லை.

அவனைச் சுட விடுதலைப் படை ஆள் அனுப்பியிருக்கும். அதற்குள் போர்நிறுத்தம் வந்துவிட்டது. கோர்மக்கின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் யாரோ பின்னாலிருந்து "ட்ரோலீன்" என்று மெதுவாகச் சொன்னார்கள். அதன் பிறகு ஊரில் அவனுக்கு அதுதான் பெயர். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் கோவிலில் மண்டியிட்டால் பின்வரிசையில் யாராவது நகத்தால் மரப்பலகையைத் தட்டுவார்கள். டக், டக், டக். கடையில் நின்றால் கல்லாப்பெட்டி மேல் அதே சத்தம். பாதிரியார் திரும்பிப் பார்த்தால் எல்லோர் கையும் ஜெபமாலையில் இருக்கும்.

கோப்னிட் இத்தனை காலமும் அவனிடம் கேட்டதில்லை. கேட்டால் ஒரு பதில் வருமே என்ற பயம். அவன் பக்கத்தில் படுத்து, அவன் சட்டையைத் துவைத்து, அவன் கையால் கறந்த பாலைக் குடித்து, உள்ளுக்குள் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் காலத்தை ஓட்டினாள். கோர்மக் அவளுக்குத் தம்பி மாதிரி. தாயில்லாத அவளை வளர்த்தது அவன் அம்மா ஹனோராதான்.

ரொட்டிச் சட்டியை மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எதனாலோ, அன்று கேட்டுவிட்டாள்.

"முயிரிஷ், நீயா சொன்ன?"

பூட்ஸைக் கீழே வைத்தான். "ஏன் இன்னைக்கு?"

"அவங்க வந்தா நான் கதவைத் திறக்கணும். எந்த மூஞ்சியோட திறக்கறதுன்னு தெரியணும்."

"நான் சொல்லல."

"அப்புறம் மலைக்கு ஏன் போன?"

தணலைக் கிளறிவிட்டான். பிறகு சொன்னான்.

அன்று வண்டியில் ஹனோராவும் வந்திருந்தாள். கோர்மக்குக்குக் கம்பளிக் காலுறையும் புகையிலையும் வாங்கவேண்டும் என்றாள். கடையில் ஒரு இளைஞன், மரியாதையான பையன், தொப்பியைக் கழற்றி அவளுக்கு இடம் விட்டான். நம் மொழியிலேயே பேசினான். காலுறை ஆம்பளப் பையனுக்கா அம்மா என்று கேட்டான். ஹனோராவுக்கு மனசு பொங்கிவிட்டது. என் பிள்ளை கால் காய்ந்தே பல நாளாச்சு ராசா, அந்த ஆட்டுக்காரன் குடிசையில் கூரைன்னு பேருக்குத்தான் இருக்கு, மலைக்காத்து கத்தி மாதிரி இறங்குது என்று சொன்னாள். வாசலில் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த முயிரிஷ் காதில் அது விழுந்தது. அப்போது அவனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது அதே இளைஞன் போலீஸ் கொட்டடிக்குள் சொந்த வீடுபோல நுழைவதைப் பார்த்தான். ஹனோரா பார்க்கவில்லை.

"வீட்டுல அவங்களை இறக்கிவிட்டுட்டு நேரா மலைக்கு ஓடினேன். கோர்மக்கிட்ட சொன்னேன். அவன் சிரிச்சான். எங்கம்மா பேச ஆரம்பிச்சா போலீஸ்காரனே காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான்னான். மழை கொட்டுது, காலையில இடம் மாத்திக்கறோம்னான்."

கோப்னிட் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் பிள்ளையை உன் வாயே கொன்னுச்சுன்னு அந்தப் பொம்பளைகிட்ட யார் போய்ச் சொல்றது? செத்தவன் திரும்பியா வரப்போறான்? என்னை நாலு பேர் முறைப்பாங்க, கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்கன்னு நெனச்சேன்." அவளைப் பார்க்காமலே சொன்னான்: "நீ கேட்பேன்னு நெனச்சேன். அன்னைக்கே கேட்பேன்னு."

ரொட்டி கருகும் வாசனை வந்தது. ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள். ஓரம் மட்டும்தான் கருகியிருந்தது.

நண்பகலுக்கு முன்பே பறைச்சத்தம் கேட்டது. கீழத்தெருவில் ஆரம்பித்து, கிணற்றடி தாண்டி, வளைவு தாண்டி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு வந்தபோது வளைவிலேயே வேறு பாதையில் திரும்பிவிட்டார்கள். இந்த முறை திரும்பவில்லை. கோப்னிட் ரொட்டியை வெட்டித் தட்டில் அடுக்கினாள், ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள், தலையை ஒதுக்கினாள்.

"வர்றாங்க முயிரிஷ்! சட்டையை மாத்து!"

அவன் எழுந்திருக்கவில்லை. "பாட்டு கேக்குதா உனக்கு?" என்றான்.

உண்மைதான். பறை மட்டும்தான் அடித்தது. பாட்டு இல்லை, குழல் இல்லை, கூச்சல் இல்லை. வேலிக்கதவு வரை வந்ததும் அதுவும் நின்றுபோனது.

கோப்னிட் தட்டோடு வாசலுக்கு வந்தாள். வைக்கோல் உடை போட்டவர்கள் முற்றத்தில் அரைவட்டமாக நின்றார்கள். முகமூடிக்குள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும், எல்லோரும் அவளோடு வளர்ந்தவர்கள். வேலிக்கு வெளியே சந்தில் பெண்கள் சால்வை போர்த்தி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் ஹனோரா, கறுப்புச் சால்வையில், முன்னைக்குப் பாதியாகச் சுருங்கி நின்றிருந்தாள்.

தலைவன் முகமூடியைத் தூக்கினான். கோர்மக்கின் அண்ணன் டொனகா. கையில் மண்வெட்டி.

"வா டொனகா, எல்லாரும் வாங்க. சூடா இருக்கு," என்றாள் கோப்னிட். தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது.

"சாப்பிட வரல," என்றான் டொனகா. குனிந்து வாசற்படிக்கு நேர் முன்னால் மண்வெட்டியை இறக்கினான். முன்பெல்லாம் வாய்க்கு வாய் அக்கா என்பவன். "இந்த வருஷம் குருவிக்கு அதோட சொந்த வீட்டைக் காட்டலாம்னு வந்தோம்."

யாரோ சிரித்தார்கள். கிளையில் கட்டியிருந்த குருவி தலைகீழாக ஆடியது. ரிப்பனைவிடச் சின்னதாக இருந்தது.

கோப்னிட் பேசக்கூடாது என்றுதான் இருந்தாள். காலையில் கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முயிரிஷுக்கு அவள் வாக்குக் கொடுக்கவில்லை, அவனும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் மண் படியில் வந்து விழுந்தபோது அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

"தோண்டணும்னா சரியான வாசல்ல தோண்டு டொனகா."

மண்வெட்டி நின்றது. "எது சரியான வாசல்?"

"பெரியம்மா," என்று வேலியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "நீங்களே சொல்லுங்க. கடையில அந்தப் பையன்கிட்ட என்ன சொன்னீங்க?"

உள்ளேயிருந்து முயிரிஷ், "கோப்னிட், வேண்டாம்!" என்று எழுந்துவந்தான். அவள் நிறுத்தவில்லை. காலுறை, புகையிலை, கூரை, மலைக்காற்று, கொட்டடிக்குள் போன இளைஞன், மழையில் மலையேறி ஓடியது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். முகமூடிகள் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டன. சந்தில் இருந்த பெண்கள் ஹனோராவைவிட்டு அரையடி விலகினார்கள்.

ஹனோராவின் வாய் திறந்து மூடியது. அவள் கோப்னிட்டைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள். மிச்சமிருக்கும் ஒரே மகனை.

"நான் அன்னைக்குக் கடைக்குள்ளயே போகல," என்றாள். "வண்டியிலயே உக்காந்திருந்தேன்."

கோப்னிட்டுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. எதுவும் தெரியாதவளாக இருந்தால் முதலில் எந்தப் பையன் என்று கேட்டிருப்பாள், யார் அவன், என்ன பேர் என்று கத்தியிருப்பாள். பெரியம்மா கேட்கவே இல்லை. அவளுக்குத் தெரியும். ஒருவேளை அந்த விடியற்காலை துப்பாக்கிச் சத்தம் கேட்ட நிமிஷத்திலிருந்தே தெரியும்.

"பெரியம்மா, மாதாவுக்குப் பொதுவா சொல்லுங்க..."

"வாயை மூடு!" டொனகாவின் முகம் வெளுத்திருந்தது. "உனக்குத் தலை வாரிவிட்டவங்கடி அவங்க. அவங்க சோத்தைத் தின்னு வளர்ந்துட்டு, உன் புருஷன் செஞ்சதைத் தூக்கி அவங்க தலையிலயே போடறியா? பெத்த தாய் பிள்ளையைக் காட்டிக்குடுத்தாளாம்!"

"காட்டிக்குடுத்தாங்கன்னு நான் சொல்லலடா, தெரியாம..."

யாரோ தட்டைத் தட்டிவிட்டார்கள். ரொட்டித் துண்டுகள் தோண்டிய மண்ணில் விழுந்தன. "ட்ரோலீனுக்கேத்த ஜோடி!" என்று ஒருவன் கத்தினான். டொனகா அவளை நோக்கி ஒரு எட்டு வைத்தான். அதற்குள் முயிரிஷ் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டான்.

"அவளுக்கு மனசு சரியில்ல," என்றான். சத்தம்போடாமல், விலை பேசுகிறவன் மாதிரி சொன்னான். "தனியா இருந்து இருந்து என்னமோ கற்பனை பண்ணிக்கிறா. அவ சொன்னது எதுவும் நடக்கல. ஹனோரா கடைக்குள்ள வரல. நீ வந்த வேலையை முடி டொனகா."

எல்லோரும் கேட்டார்கள். அவன்தான் குற்றவாளி என்பதற்கு ஊருக்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வேறு என்ன வேண்டும்?

டொனகா குருவியைக் கிளையிலிருந்து அறுத்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி, பூட்ஸ் காலால் மிதித்து மட்டம் செய்தான். பறை மறுபடி தொடங்கியது. வளைவு தாண்டியதும் குழலும் பாட்டும் சேர்ந்துகொண்டன. ஹனோராவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள்.

உள்ளே வந்ததும் கோப்னிட் அவன் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். "ஏன்யா? ஏன்யா அப்படிச் சொன்ன?"

"அந்தக் கிழவி முகத்தைப் பார்த்தியா நீ?"

"பார்த்தேன். அவளுக்குத் தெரியும்! எல்லாம் தெரிஞ்சே உன்னை இத்தனை நாளா எரியவிட்டிருக்கா!"

"அவங்களுக்குத் தெரியும்கறதை நானும் இன்னைக்குத்தான் பார்த்தேன்," என்றான் முயிரிஷ். நாற்காலியில் உட்கார்ந்தான். "ஒண்ணும் தெரியாத ஒரு தாய்க்காகத் தாங்கறோம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு கோப்னிட். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கோவிலுக்குப் போய் வந்தேன். அதுவும் இப்ப இல்ல."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் பேச்சு என்பது மாடு, நெருப்பு, தண்ணீர் என்பதோடு முடிந்துவிடும். கோப்னிட் ஒருமுறை பெரியம்மா வீட்டுக்குப் போனாள். கதவின் கீழ்ப்பாதி சாத்தியிருந்தது. மேல்பாதி வழியாக ஹனோரா நெருப்போரம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கூப்பிட்டும் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

தவக்காலத்தில் ஹனோரா படுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். பாதிரியார் வந்து போனார். ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டாள். உடலைக் குளிப்பாட்டப் போன கோப்னிட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அடக்கத்தின்போது கல்லறைச் சுவருக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

உருளைக்கிழங்கு நடும் சமயம். காற்று பலமாக அடித்த ஒரு மதியம், கணவனும் மனைவியும் வயலில் பாத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது டொனகா வந்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா," என்றான்.

கோப்னிட் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"கடைசி நாள்ல அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. ஊர்ப் பொம்பளைங்களும் இருந்தாங்க. எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. முயிரிஷ் சொல்லல, நான்தான் சொன்னேன், என் வாய்தான் என் பிள்ளையைக் கொன்னுச்சுன்னு. திரும்பத் திரும்ப அதையே. என் கையை விடவே இல்ல."

முயிரிஷ் பாத்தியின் அந்தக் கோடியில் நிமிர்ந்து நின்றான்.

டொனகா தொப்பியைக் கசக்கினான். "அப்படி ஒரு மனசு யாருக்கு வரும் சொல்லுங்க? நீ அன்னைக்கு அபாண்டமா ஒண்ணைச் சொன்ன, அதையே எடுத்துத் தன் தலைமேல வெச்சுக்கிட்டாங்க. உங்க பாவத்தைத் தான் சுமந்துக்கிட்டுப் போகணும்னு. பாதிரியார்கிட்டச் சொன்னேன், ஒரு வார்த்தை பேசல, குனிஞ்சுக்கிட்டே நின்னாரு. அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஊர்ல எல்லாரும் அவங்களைப் புனிதவதின்னு சொல்றாங்க."

"டொனகா, அவங்க சொன்னது..." என்று தொடங்கினாள் கோப்னிட்.

"வேண்டாம் அக்கா. எதுவும் சொல்ல வேண்டாம். அம்மாவே மன்னிச்சுட்டாங்க. அப்புறம் நான் யாரு?" அவன் பாத்திகளைத் தாண்டிப் போய் முயிரிஷ் முன்னால் நின்றான். கையை நீட்டினான். "உன்னை மன்னிச்சுட்டேன் முயிரிஷ். ஊரும் இனிமே ஒண்ணும் சொல்லாது. நான் பாத்துக்கறேன்."

கோப்னிட் தன் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிவிடு என்று மனசுக்குள் கத்தினாள். அவன் ஈர மண் ஒட்டிய கையைக் காற்சட்டையில் இரண்டு முறை துடைத்தான். பிறகு டொனகாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவங்களுக்குக் கடைசியில வலி இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. தூக்கத்துலயே..."

"நல்லது."

டொனகா போன பிறகு கோப்னிட் வயலின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன் கையைக் குடுத்த?"

"அவன் நீட்டினான்," என்றான் முயிரிஷ். "வேற என்ன செய்யச் சொல்ற?"

மறுநாள் பக்கத்து வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். தனியா எத்தனை நாள் தோண்டுவீங்க என்று அன்பாகக் கேட்டார்கள். திருந்தியவனிடம் பேசும் அன்பு அது. சாயங்காலத்துக்குள் எல்லாப் பாத்திகளும் முடிந்துவிட்டன. அவர்களில் ஒருவர் முயிரிஷின் தோளைத் தட்டி, "நடந்தது நடந்துபோச்சு, மனுஷன்னா தப்பு செய்யறதுதான்" என்றார். முயிரிஷ் தலையாட்டினான். கோப்னிட் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள்.